கூடாதக்கா

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்கள் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. கூடாதக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். "முழுத் திராட்சை கூடாது", "தேன் கூடாது", "நேத்துப் பண்ணினது கூடாது" என்று வாசல் மேசைக்குப் பின்னால் நின்றபடி காலை முழுக்க அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பெரிய பிள்ளைகள் அறையில் இருந்த ஒரு வாண்டு வைத்த பெயர் அது. பெரியவர்கள் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு வாய் தவறி முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவள் சாதாரணமாகத் திரும்பி "சொல்லுங்க" என்றாள். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

வாசலுக்கு வருவதற்கு முன்னால் அவள் அதே காப்பகத்தின் சமையற்காரி. குழந்தைகள் தூங்கும் அறைக்குப் பின்னால், நீளவாக்கில் ஒடுங்கிய ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பேருந்து திரும்பும் முக்கு. சுவரில் சில குழந்தைகளின் படங்கள் ஒட்டியிருக்கும். பார்ப்பவர்கள் பரிசு வாங்கிய பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் முட்டையோ பாலோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள். படத்துக்குக் கீழே எது ஆகாதென்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பச்சை இறைச்சி நறுக்க ஒரு நிறப் பலகை, காய்க்கு ஒரு நிறம், பழத்துக்கு வேறு நிறம். மாற்றி வைத்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். பாத்திரம் கழுவ வரும் பெண்ணோடு சேர்ந்தால் சமையலறை கலகலவென்று இருக்கும். அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாததால். ரேடியோ ஒரு கதை சொன்னால் இவள் அதற்கு ஒரு வால் ஒட்டுவாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தத்தில் தூங்கும் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று நிர்வாகி மேடம் அடிக்கடி வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளை இல்லை. யாராவது அதைப்பற்றி இழுத்தால், "அவளுக்குத்தான் அங்க ஒரு கூட்டமே இருக்கே, இன்னும் எதுக்கு?" என்று அவரே பேச்சை வெட்டிவிடுவார். பகல் முழுக்க உப்பில்லாமல் சமைத்த கை, வீட்டிலும் உப்பைக் குறைத்தே போடும். "ஒரு வயசு ஆகலைன்னா உப்பு கூடாதுன்னு சொல்லுவியே. எனக்கு எத்தனை வயசுன்னு நினைச்ச?" என்று கேட்டுக்கொண்டே அவர் உப்புக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டுவார். அவள் முறைப்பாள். நல்ல குடும்பம். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் நூறு வீடுகள் அப்படித்தான் இருக்கும்.

ஒரு காய்ச்சல் வந்தது. முதலில் அவருக்கு, பின்னாலேயே அவளுக்கு. ஒரே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் அவர், மாடியில் பெண்கள் வார்டில் இவள். அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்த நாட்களில் ஒரு நாள் அவர் போய்விட்டார். அவளுக்குத் தெளிந்து எழுந்து உட்கார்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய அக்கா கட்டிலருகில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். இவள் கேட்டுக்கொண்டாள். "சரி அண்ணி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை உள்ளே பார்த்தாள்.

"என்ன அண்ணி, வெந்நீரைக் குடுத்திருக்கீங்க?"

"வெந்நீரா? காப்பிடி அது. நிறம் தெரியல?"

இவள் மறுபடி குடித்தாள். சூடு தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு சப்பென்று இருந்ததற்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தாள். எழுந்து போய் அடுக்களையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மிளகு, சோப்பு, வினிகர், கணவரின் சட்டை. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

அண்ணிக்கு அது வேறு மாதிரிப் பட்டது. தம்பியைப் பறிகொடுத்து வயிறெரிந்து கிடப்பவள் அவள். இவளோ கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் டப்பா டப்பாவாக மூடியைத் திறந்துகொண்டிருக்கிறாள். "என் தம்பி போய்ச் சேர்ந்துட்டான். இவளுக்கு காப்பியா வெந்நீரான்னு கவலை" என்று கூடத்தில் இருந்தவர்கள் காதுபடச் சொன்னாள். அப்புறமும் சில வார்த்தைகள் விழுந்தன. கல்நெஞ்சுக்காரி என்பது அதில் ஒன்று. இவள் அடுத்த டப்பாவைத் திறந்தாள். பேச வேண்டுமென்று தோன்றவில்லை. அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனவள், பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அழுகை வரும் என்று இவளும் காத்திருந்தாள். வரவில்லை. சாவு வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், அவர்கள் அழுதபோது ஓரமாக நின்று பார்த்தாள். உள்ளே ஒரு அறையைப் பூட்டிச் சாவியை யாரோ கொண்டுபோய்விட்ட மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனாள். மூக்கும் நாக்கும் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார். அழுகையைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உடம்பு தேறியதும் வேலைக்குப் போனாள். முதல் வேலையாக நிர்வாகி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"மேடம், எனக்கு வாசனையும் ருசியும் போயிடுச்சு. ஒண்ணுமே தெரியல. சமையலுக்கு வேற ஆள் பாக்கிறதுன்னா பாருங்க."

மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். கணவர் போனதைத் துக்கம் விசாரிக்கத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் அவர் வாயிலேயே நின்றுவிட்டன. "நீங்க அளவு வச்சுத்தானே சமைக்கிறீங்க? பிள்ளைங்க சாப்பாட்டுல உப்பு காரம் பாக்குற வேலையும் பெருசா இல்ல. கொஞ்ச நாள் ஓட்டுங்க, சரியாயிடும். பேரன்ட்ஸ்கிட்ட மட்டும் இதைச் சொல்லிக்க வேண்டாம்" என்றார்.

மேடம் சொன்னதில் தப்பில்லை என்றே அவளுக்கும் பட்டது. வீட்டுச் சமையலுக்கு நாக்கு வேண்டும். அந்தச் சமையலறையில் அதற்கு வேலை குறைவு. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு உப்பும் சர்க்கரையும் சேர்க்கவே கூடாது. பிஞ்சுச் சிறுநீரகம் உப்பைத் தாங்காது. முட்டையை மஞ்சள் கரு கெட்டிப்படும்வரை வேகவைக்க வேண்டும். மீனோ இறைச்சியோ வெந்துவிட்டதா என்று பார்க்க ஊசிபோன்ற வெப்பமானியைத் தடித்த இடத்தில் குத்தி நடுப்பகுதியின் சூட்டைப் பார்க்க வேண்டும். மிஞ்சிய சோற்றை அடுப்படியில் அப்படியே விடக்கூடாது. அதில் வரும் கிருமி மறுபடி சூடு பண்ணினாலும் விட்டுப்போகாத விஷத்தை விட்டுவைக்கும். ஒரு குழந்தையின் கிண்ணத்தில் கரண்டி பட்டுவிட்டால் மிச்சம் குப்பைக்குத்தான். எச்சில் கலந்தது எடுத்து வைத்தால் கெடும். அன்றன்று சமைத்ததில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கிண்ணம் மூடி குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்காவது வயிறு கெட்டால் பரிசோதித்துப் பார்க்க. இவை எதற்கும் மூக்கு தேவையில்லை.

ரேடியோவிடம் மட்டும் சொன்னாள். ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, உப்பில்லாத சமையலுக்கு நாக்கில்லாத சமையல்காரி. பொருத்தம் பாத்து வச்சது மாதிரி இருக்கு" என்று சிரிக்கவைக்கப் பார்த்தாள். இவள் சிரிப்பது மாதிரி உதட்டை அசைத்தாள். அதன்பிறகு பால் வந்ததும் ரேடியோ கேட்காமலே வந்து முகர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டுத் தொட்டிக்குத் திரும்பிப் போவாள். பிசகில்லாமல் அது நடந்தது. வெங்காயம் நறுக்கினால் இவளுக்குக் கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டும். வாசனைதான் வராது, எரிச்சல் வரும். ரேடியோ அதைப் பார்த்து முதல் தடவை "அழுதுடுங்கக்கா, அழுதுடுங்க" என்று முதுகைத் தடவினாள். "வெங்காயம்" என்றாள் இவள்.

சாப்பாடு அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. மணி பார்த்துச் சாப்பிடுவாள். மொறுமொறுப்பு தெரியும், வழவழப்பு தெரியும், சூடு தெரியும். அதற்கு மேல் தட்டில் இருப்பது என்னவென்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பு இளைத்தது. வீட்டில் கணவரின் கருவிப்பெட்டி கதவோரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

இப்படியே போயிருக்கும். ஒரு மதியம் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அப்பா அவசரமாக வந்தார். அவர் மகனுக்கு இரண்டு வயது. காய்ச்சல் கண்டு எழுந்த பிள்ளை, எதைக் கொடுத்தாலும் துப்புகிறான், வீட்டுப் பால்கஞ்சி என்றால் மட்டும் குடிக்கிறான். காலையிலேயே மனைவி கொடுத்தனுப்பியதை அவர் மறந்து காரிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் நினைவு வந்து ஓடி வந்திருக்கிறார். வெயிலில் நின்ற கார்.

இவள் டப்பாவை வாங்கி வெப்பமானியைக் குத்திப் பார்த்தாள். கஞ்சி சூடாகவும் இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை. கிருமிக்கு வசதியான வெதுவெதுப்பு.

"இது கூடாதுங்க சார். பால் சேர்ந்தது இத்தனை நேரம் வெளிய இருந்திருக்கு. நான் புதுசா வச்சுத் தரேன். பால் இருக்கு, அரிசி இருக்கு, கொஞ்ச நேரத்துல ஆயிடும்."

"புதுசா வச்சா குடிக்க மாட்டான். அவங்கம்மா வச்சதுதான் குடிப்பான். கெட்டுப்போகல, நல்லாத்தான் இருக்கு. வேணும்னா மோந்து பாருங்க."

"மோந்து பாத்துச் சொல்றது இல்லீங்க சார்..."

"பாருங்கன்னா! ஒரு தடவை மோந்து பாக்குறதுல என்ன?" பாவம், அவருக்குப் பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்ற தவிப்பு. டப்பாவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவளுக்கு எரிச்சலும் வரவில்லை, பயமும் வரவில்லை. மேடம் சொன்னதும் நினைவுக்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"எனக்கு வாசனை தெரியாதுங்க. காய்ச்சல்ல போயிடுச்சு. ருசியும் தெரியாது."

நடையில் வேறு இரண்டு அம்மாக்கள் நின்றிருந்தார்கள். அவர் டப்பாவை மெதுவாக இறக்கினார். "நீங்கதானே இங்க சமையல்?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் எல்லோர் செல்போனுக்கும் விஷயம் போய்விட்டது. வாசனையும் ருசியும் தெரியாதவள் கையால் நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களாம். கெட்டதைக் கண்டுபிடிக்க எப்படி முடியும்? இதை ஏன் மறைத்தார்கள்? கேள்விகள் நியாயமானவையே. மறுநாளே கூட்டம் போட வேண்டியதாகிவிட்டது மேடத்துக்கு.

பெரிய பிள்ளைகள் அறையில் கூட்டம். பெரியவர்கள் எல்லோரும் முழங்கால் உயரக் குட்டி நாற்காலிகளில் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். கோபமாக வந்தவர்களுக்குக்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது சிரமமாக இருந்தது. மேடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சமையலறையில் என்ன நடக்கிறது என்று அவளையே சொல்லச் சொன்னார்.

அவள் எழுந்து நின்று சொன்னாள். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரம் சொல்வது மாதிரி இருந்தது. ஆளைக் கொல்லும் கிருமி பலதும் நாற்றமே அடிக்காது, அதனால் மூக்கை நம்பாமல் சூட்டையும் நேரத்தையும் நம்பச் சொல்லியிருக்கிறது என்றாள். தேன் ஏன் கூடாதென்று ஒரு அப்பா கேட்டார். "ஒரு வயசு வரைக்கும்தான் கூடாது. தேன்ல ஒரு கிருமியோட விதை இருக்கலாம். நம்ம குடல் அதைச் சமாளிச்சிடும். பச்சைக் குழந்தை குடல்ல அது முளைச்சு விஷமாகும், கை கால் துவண்டு போகும். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது." திராட்சையைப் பற்றி ஒருவர் கேட்டார். "பிள்ளையோட மூச்சுக்குழல் அளவுக்கே அது இருக்குங்க. வழுக்கிட்டுப் போய் கச்சிதமா அடைச்சிக்கும். நீளவாக்குல நாலா வெட்டணும். குறுக்கால வெட்டினா வட்டம் வட்டமாத்தான் இருக்கும், பிரயோஜனமில்ல. கடலை, பொரி, பச்சைக் கேரட் துண்டு இதெல்லாமும் அப்படித்தான். சாப்பிடும்போது உக்காந்து சாப்பிடணும், பக்கத்துல ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருக்கணும்."

கேட்டவர்கள் கொஞ்சம் தளர்ந்தார்கள். வங்கி அப்பாகூடத் தலையசைத்தார். ஜூஸ் கொடுக்கலாமா, பசும்பால் எப்போது கொடுக்கலாம் என்று பேச்சு திசை மாறிப் போக ஆரம்பித்தது. அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா கையைத் தூக்கினார். மருந்துக்கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாத ஆள்.

"பாலை விடுங்கக்கா. நீங்க சொன்னதெல்லாம் சரிதான். கேஸ் கசிஞ்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் குட்டி நாற்காலியிலேயே திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"சமையலறைக்குப் பக்கத்துலதான் பிள்ளைங்க தூங்குறாங்க. காலைல முதல்ல வந்து அடுப்பைப் பத்த வைக்கிறது நீங்க. அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அவர்.

அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பால், முட்டை, சோறு, எச்சில் கிண்ணம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. விதி இருப்பதால் போதும் என்று இருந்துவிட்டாள். அடுப்பைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. ரேடியோவும் நினைக்கவில்லை, மேடமும் நினைக்கவில்லை.

"அதை நான் யோசிக்கலம்மா" என்றாள்.

கூட்டம் அதோடு முடிந்தது. எல்லோரும் போனபின் மேடம் அவளைக் கூப்பிட்டு, சமையலுக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கிறது, வாசலில் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளவும் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும், அதை நீங்கள் செய்யுங்கள் என்றார். "சரி மேடம்" என்றாள். ரேடியோ தொட்டி முன்னால் நின்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். இவள் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த அம்மாவின் கேள்வி கூடவே வந்தது. காப்பகத்தில் இனி அவள் அடுப்பைத் தொடப் போவதில்லை. வீட்டில்? வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். எத்தனை காலமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். இதை நினைத்தபோது தனக்குப் பயமே வரவில்லை என்பதைக் கவனித்தாள். நடந்தால் நடக்கட்டும் என்பதுபோலக் கிடந்தது மனசு. அது சரியில்லை என்று மட்டும் அறிவுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. கணவர் சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சோப்பு நுரையைக் குழாயில் தடவிப் பார்ப்பார். அவள் பக்கத்தில் நின்று "ஆமா, பெரிய விஞ்ஞானி" என்று கேலி செய்வாள். ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, விளக்கைப் போடாமல், அடுப்படியில் மண்டியிட்டு ரப்பர் குழாய் நெடுக விரலால் தடவிக்கொண்டே போனாள். குழாயில் ஒன்றுமில்லை. சிலிண்டரோடு சேரும் இடத்தில் தடவினாள். நுரை அடங்கியது. பிறகு அதில் ஒரு குமிழி எழுந்தது. மெதுவாகப் பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். சிலிண்டரின் திருகை மூடினாள், ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்தாள், வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் நிதானமாகத்தான் செய்தாள். உட்கார்ந்தபிறகு பார்த்தால் இரண்டு கையும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. மடியில் வைத்து அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்தாள். அந்த ஆடும் கையாலேயே செல்போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, நான்தான். வீட்டுல கேஸ் கசியுது. எனக்கு வாசனை தெரியாது. கொஞ்சம் வந்து மோந்து பாக்குறீங்களா?"

பகையை வைத்திருந்த ஒருத்தியிடம் இத்தனை நாள் கழித்துப் பேச இது நல்ல தொடக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுமுனையில் சேலை சரசரக்கும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. "வாசல்லயே உக்காரு. உள்ள போகாத. சுவிட்சைத் தொடாத" என்றாள் அண்ணி.

ஆட்டோவில் இருந்து இறங்கிய அண்ணி படியேறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் திறந்து அவ்வளவு நேரம் ஆகியும் வாடை போகவில்லை. "அடிப்பாவி! இந்த நாத்தத்துக்குள்ளயா இருந்த? எப்பேர்ப்பட்ட நாத்தம்! தெருவுக்கே அடிக்குதே!" என்று கத்தினாள். பிறகு அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அன்றைக்குக் காப்பியை வெந்நீர் என்று சொன்னது, டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தது எல்லாம்.

"நெசமாவே தெரியலையாடி உனக்கு? அன்னைக்கும் தெரியலையா?"

"தெரியல அண்ணி."

"வாய் விட்டுச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

அண்ணி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தம்பி பெயரைச் சொல்லி, இவளையும் திட்டி, தன்னையும் திட்டி, மூக்கைச் சிந்தி, மறுபடி அழுதாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்திருந்தாள். கண் வறண்டுதான் இருந்தது. கை நடுக்கம் மட்டும் நின்றிருந்தது.

அதற்கப்புறம் அண்ணி வாரம் தவறாமல் வருவாள். "மோப்பம் பிடிக்க வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்து, அடுப்படி, குளிர்பெட்டி, குளியலறை, கொடியில் காயும் துணி என்று ஒவ்வொரு மூலையாக முகர்ந்து பார்ப்பாள். "இந்தக் குழம்பு ஊசிப்போச்சு, கொட்டு." "தலையணை உறையை மாத்து, எண்ணெய்ச் சிக்கு." "இன்னைக்கு நீ நல்ல சோப்பு போட்டிருக்க." கசிந்தால் கத்துகிற ஒரு கருவியை வாங்கிவந்து சுவரில் மாட்டியதும் அவள்தான். செத்துப்போனவரைப் பற்றி இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அண்ணி அவ்வப்போது அழுவாள். இவள் காப்பி போட்டுத் தருவாள். சர்க்கரை சரியா என்று அண்ணி சொல்ல வேண்டும்.

வாசல் வேலை வேறு மாதிரி. அடுப்பு முன்னால் பொருளோடு பேச்சு, இங்கே மனிதர்களோடு. தினமும் யாரோ ஒருவர் மனம் நோக வேண்டியிருந்தது. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கக் கொடுக்கலாம் என்று பாதாம் தூவிய கேக்கோடு ஆசையாக வந்த அம்மாவிடம் இங்கே ஒரு பிள்ளைக்குக் கொட்டைப் பருப்பின் தூள் பட்டாலே தொண்டை வீங்கும் என்று சொல்ல வேண்டும். "எங்க வீட்டுல நாங்க எல்லாம் இதைத்தான் தின்னு வளர்ந்தோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அவர்களோடு அவள் வாதாட மாட்டாள். "ஏதாவது ஆனவங்க வந்து சொல்ல முடியாதுல்லங்க" என்பாள், அதே சமமான குரலில். சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு முகம் சுருங்கும். ஒரு தடவை ஒரு அம்மா கோபத்தில், "நாக்கே இல்லாதவ என் பிள்ளை என்ன திங்கணும்னு சொல்றா" என்று சொல்லிவிட்டுப் போனார். ரேடியோ கொதித்துப் போய்க் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். இவள், "உண்மையைத்தானே சொல்லிட்டுப் போறாங்க. நீ போய் ஈரக்கையைத் துடை" என்றாள். மறுநாள் அந்த அம்மா வந்தபோது இவள் வழக்கம்போல் டப்பாவைத் திறந்து பார்த்து, "நல்லா மசிச்சிருக்கீங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வங்கி அப்பாவின் மகன் பெரிய பிள்ளைகள் அறைக்குப் போய், பிறகு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டான். மருந்துக்கடை அம்மா தன் இரண்டாவது பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். புதுச் சமையற்காரர் ஒரு ஆண், வாய் நிறையப் பாட்டு. ரேடியோவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மூக்கும் நாக்கும் அவளுக்குத் திரும்பவில்லை. டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னதை ஒரு கட்டத்துக்கு மேல் அவள் மறந்துவிட்டாள். அழுகையும் அப்படித்தான். வராததற்காகக் காத்திருப்பதை நிறுத்தியபின் நாட்கள் கொஞ்சம் லேசாகப் போயின, அவ்வளவுதான்.

மழை தூறிய ஒரு காலையில், ஆறுமாதக் கைக்குழந்தையோடு ஓர் இளம் அம்மா வந்தாள். அன்றுதான் வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தை இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தது, அம்மாதான் அழுதுகொண்டிருந்தாள். பையை மேசையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தாய்ப்பாலைப் புட்டியில் எடுத்து ஐஸ் கட்டியோடு கொண்டுவந்திருந்தாள். கூடாதக்கா புட்டியைத் தொட்டுப் பார்த்துப் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். "சரியா கொண்டுவந்திருக்கீங்க. இதை நேரா சூடு பண்ண மாட்டோம், வெந்நீர்ல நிக்க வச்சுக் குடுப்போம். குடிச்சது போக மிச்சத்தை ஊத்திடுவோம். மனசு கஷ்டமா இருக்கும், ஆனா எடுத்து வைக்கக் கூடாது."

"அவன் இங்க சாப்பிடுவானாக்கா?"

"இன்னைக்குச் சாப்பிட மாட்டான். நாளைக்கும் சந்தேகம்தான். பசிச்சா தானா வாயைத் திறப்பான். நாங்க திணிக்க மாட்டோம்."

"அழுவானா?"

"அழுவான்."

அந்தப் பெண் ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றாள். கூடாதக்காவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் நானே போன் பண்றேன். எடுங்க" என்றாள்.

சொன்னபடியே மதியம் கூப்பிட்டாள். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அந்தப் பெண்.

"மசிச்ச உருளைக்கிழங்கு குடுத்தோம்மா. ரெண்டு ஸ்பூன் உள்ள போச்சு, ஒண்ணு வெளிய வந்துச்சு. இப்ப தூங்குறான்."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. அது ஓயும்வரை கூடாதக்கா போனைக் காதில் வைத்தபடி இருந்தாள்.